மார்ச் பதினைந்துக்குள்

வரி ஆலோசகர் ஜெனோவாவிடம் ஒரு கேள்வியோடு போனவர்கள் பெரும்பாலும் இன்னொரு கேள்வியோடுதான் திரும்புவார்கள். தூத்துக்குடியில் நைலான் கயிற்றுக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். வயது முப்பத்துநான்கு. அவரை 'குரு' என்று முதலில் கேலியாகக் கூப்பிட்டவர் படகு எஞ்சின் மெக்கானிக் ஹமீது பாய். நாளாக நாளாகக் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அந்தக் குருவிடம் கடைசியாக வந்து சேர்ந்த சீடர் நெல்லையப்பன். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். உப்பளங்களிலும் சரக்குக் கிட்டங்கிகளிலும் லாரியை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடைகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஒரு கம்பெனியில் இருபது வருஷம் அந்த வேலையைத்தான் செய்தார். கம்பெனி அவரைக் குஜராத்துக்கு மாற்றியது. மகள் கோவில்பட்டியில் இருந்தாள். அவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்ய ஆரம்பித்தார். இது முதல் வருஷம்.

மார்ச் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. நெல்லையப்பன் சிரித்த முகத்தோடு மாடியேறி வந்தார்.

"மேடம், எனக்கு ரீஃபண்ட் எவ்வளவு வரும்?"

"எதுக்கு ரீஃபண்ட்?"

"பில்லு போட்ட இடத்துல எல்லாம் டி.டி.எஸ். பிடிச்சிட்டுத்தான குடுத்திருக்காங்க. வரியெல்லாம் அப்பவே போயிட்டு. கூடப் பிடிச்சிருந்தா திரும்பி வரும்லா?"

ஜெனோவா நெல்லையப்பனின் வங்கிக் கணக்கு விவரத்தைக் கணினியில் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தார். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இது அவங்க பிடிச்சது. இது நீங்க அட்வான்ஸ் வரியாக் கட்ட வேண்டியது. மார்ச் பதினஞ்சுக்குள்ள."

நெல்லையப்பன் இரண்டு தொகையையும் படித்தார். இரண்டாவதை மறுபடியும் படித்தார்.

"மேடம், இது என் கணக்குதானா?"

"உங்க கணக்குதான்."

"அதான் பிடிச்சிட்டாங்களே."

"நுனியைக் கிள்ளி எடுத்திருக்காங்க அண்ணாச்சி. மிச்சம் நீங்களா கட்டணும்."

"கம்பெனியில இப்படியெல்லாம் கிடையாதே."

"அங்க லாரி எடையைக் கழிச்சுட்டு சரக்கை மட்டும் உங்க கையில குடுத்தாங்க. இப்ப லாரியோட வருது."

அடுத்த நாற்காலியில் காத்திருந்த ஹமீது பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எடைமேடைக்காரரு லாரியையும் சேத்து சரக்குன்னு நெனச்சிட்டாரா! ஓய், வெளிய சொல்லிராதீரும். ஒருத்தன் உம்மைக் கூப்பிட மாட்டான்."

வேறு நாளாக இருந்தால் நெல்லையப்பனும் சேர்ந்து சிரித்திருப்பார். அந்த இரண்டாவது தொகையைக் கட்டப் பணம் அவர் கையில் இருந்தது. கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அதற்கு வேறு வேலை வைத்திருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் அவரும் மனைவி செண்பகமும் பிரிந்தார்கள். சண்டை சச்சரவெல்லாம் முடிந்து, இப்போது அளவாகப் பேசிக்கொள்வார்கள். மகள் ஆதிரை அம்மாவிடம் இருந்தாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நெல்லையப்பன் கோவில்பட்டிக்குப் போய் அவளைக் கூட்டிவருவார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு. அது ஜெனோவாவுக்கும் தெரியும்.

அவர் தங்கியிருந்தது லேத் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. ஆதிரை வந்தால் கட்டில் அவளுக்கு, தரை அவருக்கு. கழிப்பறை வெளியே, அந்த மாடியில் இருக்கும் எல்லாருக்கும் பொது. பதினோரு வயதுப் பெண்பிள்ளை உள்ளே போனால் இவர் வாசலில் காவல் நிற்பார். இதை ஆதிரை அம்மாவிடம் விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். செண்பகம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மே மாசம் பூராவும் உங்ககூட இருக்கணும்னு பிள்ளை ஆசைப்படுது" என்று பொங்கல் சமயத்தில் அவளே போனில் சொன்னாள். "எனக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ரூம்ல விட முடியாது. ஒரு வீடா பாருங்க."

அவர் பார்த்துவிட்டார். மில்லர்புரத்தில் ஒரு மாடி வீடு. இரண்டு அறை, உள்ளேயே குளியலறை. சின்ன அறையின் ஜன்னலுக்கு வெளியே பூவரசு. வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டிருந்தார். அதையும் மார்ச் பாதிக்குள்தான் கேட்டிருந்தார்.

"பதினஞ்சாம் தேதி கட்டாம விட்டா என்ன ஆகும் மேடம்?"

"வட்டி. மாசத்துக்கு நூத்துக்கு ஒண்ணு."

"வேற?"

"ஜூலையில கணக்குத் தாக்கல் பண்ணும்போது வட்டியோட சேத்துக் கட்டணும்."

"ஜெயில் கியில்..."

"உங்க தொகைக்கா? அவ்வளவு பேருக்கு ஜெயில்ல இடம் கிடையாது அண்ணாச்சி."

நெல்லையப்பனுக்கு மூச்சு வந்தது. ஹமீது பாய் நாற்காலியை நெருக்கிப் போட்டார்.

"என்னையக் கேளும். நான் அப்படியே ஜூலைக்குத் தள்ளினேன். ஜூலையில கையில இல்ல, அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. தபால்காரன் சைக்கிள் மணி கேட்டா மட்டும் கக்கூசுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிடுவேன். வீட்டுல சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஒரே பாடு. 'இந்த மனுசன் எத்தனை தடவைதான் போவாரு'ன்னு."

ஜெனோவா சிரித்தார். நெல்லையப்பன் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கேன். சம்பளச் சீட்டுல பிடித்தம்னு ஒரு வரி இருக்கும். இருபது வருஷத்துல ஒருநாள்கூட நான் அதைப் படிச்சதில்ல. அன்னைக்கும் இதே வரிதான போச்சு? அப்ப வலிக்கல. இப்ப எதுக்கு இப்படி வலிக்கு?"

"உங்களுக்கு இன்னொரு வங்கியில கணக்கு இருக்கா?"

"இருக்கு. சும்மா கிடக்கு."

"இந்தத் தொகையை அதுக்கு மாத்துங்க."

"இப்பவா?"

"இப்ப. இங்கேயே."

நெல்லையப்பன் போனை எடுத்தார். இரண்டு தடவை கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டார். மூன்றாவது தடவை பணம் போய்ச் சேர்ந்தது.

"இனி என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். திங்கக்கிழமை வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். தொடாதீங்க. தினமும் பாருங்க."

"பாத்து?"

"பாத்துட்டு வாங்க."

"பொண்ணு பாக்கச் சொல்லுதாங்க ஓய்" என்றார் ஹமீது பாய். "பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது."

நெல்லையப்பன் பார்த்தார். காலையில் பல் தேய்க்கும் முன் பார்த்தார். உப்பளத்தில் எடைமேடைக்கு அடியில் குனிந்து சேறு வழித்துக்கொண்டிருக்கும்போது, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். தொகை அப்படியே இருந்தது. ஒரே கணக்கில் மற்ற பணத்தோடு கலந்து கிடந்தபோது அதன்மேல் இத்தனை ஆசை இல்லை. தனியாகப் பிரித்து வைத்த பிறகு அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது. சில சமயம் அது பூவரசு தெரியும் ஜன்னலாக இருந்தது. சில சமயம் அந்த அறையில் போட வேண்டிய கட்டிலாக இருந்தது. கட்டிலை எந்தச் சுவரை ஒட்டிப் போடுவது என்பதுவரை அவர் போயிருந்தார்.

வேலை முடிந்து மில்லர்புரம் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவது அந்த வாரம் வழக்கமாகிவிட்டது. எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார். விளக்கு எரியாத ஜன்னல். எதிர்வீட்டு நாய் இரண்டு நாள் குரைத்தது. மூன்றாம் நாள் வாலை ஆட்டியது.

ஆதிரை வந்துபோன பிறகு அவர் தலையணை உறையை உடனே துவைக்க மாட்டார். அவள் தலையில் செண்பகம் தேய்த்துவிடும் எண்ணெய் வாசனை புதன்கிழமை வரை அதில் இருக்கும். வியாழக்கிழமை வெறும் தலையணை ஆகிவிடும். அதற்குப் பிறகு அடுத்த சனிக்கிழமை வரையில் உள்ள நாட்கள்தான் நீளம்.

சனிக்கிழமை வந்தது. அவர் போய்க் கூட்டிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை உப்பளத்துக்கு அழைத்துப் போனார். லாரி எதுவும் இல்லை. ஆதிரை செருப்பைக் கழற்றிவிட்டு எடைமேடையின் நடுவில் போய் நின்றாள். அவர் எடையறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"முப்பது!"

"பொய்! ஸ்கூல்ல முப்பத்திரண்டு பாத்தாங்க."

"இது லாரிக்கான மிஷின் பாப்பா. பத்துப் பத்தாத்தான் காட்டும்."

"அப்ப என் ரெண்டு கிலோவை இது தின்னுட்டா?"

"தின்னுட்டு."

"நீயும் வந்து ஏறுப்பா."

எடையறைப் பையனை எண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவரும் போய் அவள் பக்கத்தில் நின்றார். நூறு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆதிரை விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "நீ அறுபத்தஞ்சு. நான் முப்பத்திரண்டு. தொண்ணூத்தேழுதான வரணும்? மூணு கிலோ கூடக் காட்டுது."

"ஆமா."

"ரெண்டு பேரும் சேந்து நின்னா கூடக் கிடைக்குப்பா!"

அவள் குதித்தாள். உள்ளே எண் தாறுமாறாக ஓடியது. எடையறைப் பையன் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, மேடையை ரிப்பேர் பாக்க வந்தீயளா, ரிப்பேர் ஆக்க வந்தீயளா?" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். திரும்பும் வழியில் தேங்கிய நீரில் கால் மாற்றி நின்ற கொக்கைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவளும் அதைப் போல நின்று காட்டினாள். மத்தியானம் அவர் வைத்த மீன் குழம்பில் உப்பு குறைவு. "உப்பளத்துல வேலை பாத்துட்டு, உப்புப் போட மறந்துட்டியே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு மில்லர்புரம் போனார்கள். வீட்டுக்காரர் சாவியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். நாலரைக்குப் பஸ் பிடித்தால் ஆறு மணிக்குக் கோவில்பட்டி. வீட்டைப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும்.

வீட்டுக்காரர் வரவில்லை.

"அப்பா, நாலரை ஆயிட்டு."

"இந்தா வந்துருவாரு."

"அடுத்த தடவை பாப்போம்ப்பா."

"உன் ரூமை நீ பாக்க வேண்டாமா? பாத்துட்டே போயிருவோம்."

ஐந்து மணிக்குச் செண்பகம் போன் செய்தாள். பஸ் லேட் என்று சொன்னார். சொல்லும்போது மகள் பக்கம் திரும்பவில்லை. ஆதிரை பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் வந்து கதவைத் திறக்கும்போது ஐந்தரை தாண்டிவிட்டது. ஆதிரை சின்ன அறைக்குள் போய் நடுவில் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. போவோமாப்பா?"

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். எட்டயபுரம் தாண்டும்வரை அவர் கையைப் பிடித்து வைத்திருந்தாள். விரலை அல்ல, மணிக்கட்டை. கடிகாரம் தெரிகிற மாதிரி.

ஏழரை மணிக்குச் செண்பகம் வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"பஸ் லேட்டா பாப்பா?"

ஆதிரை பதில் சொல்லாமல் உள்ளே போனாள். எப்போதும் படியில் நின்று திரும்பிக் கையாட்டுவாள். அன்றைக்குத் திரும்பவில்லை.

செண்பகம் சத்தம் போடவில்லை. "மே மாசம் பூராவும் அனுப்பச் சொல்லுதீங்க" என்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குக் கொண்டுவந்து விட முடியல." கேட்டைச் சாத்தினாள். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் நெல்லையப்பன் மாடியேறியபோது ஜெனோவா மட்டும் இருந்தார். கீழே கடையில் கயிற்றுச் சுருளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிவு பண்ணிட்டேன் மேடம். வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துருதேன். அரசாங்கத்து அட்வான்ஸை வட்டியோட பிறகு கட்டிக்கிடலாம்."

"சரி."

"சரிதானா?"

"உங்க பணம். உங்க வட்டி."

நெல்லையப்பன் எழுந்திருக்கவில்லை. ஜெனோவாவும் வேறு வேலையை எடுக்கவில்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். தினமும் பாத்தேன். கையில இருக்கிறப்பவே ஏங்குது மேடம்."

"இந்த வாரம் பிள்ளை வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஆறு மணிக்குக் கொண்டுவிட்டாச்சா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சாவி வராதது, பஸ் லேட் என்றது, மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது, கேட்டில் செண்பகம் சொன்ன வார்த்தை. எதையும் விடவில்லை.

ஜெனோவா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒன்றரை மணி நேரம் கூடக் கிடைச்சிருக்கு."

"கிடைச்சுது."

"எப்படி இருந்துச்சு?"

நெல்லையப்பன் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"அதுல பிள்ளை இல்ல மேடம். நானும் இல்ல. மணி மட்டும்தான் இருந்துச்சு."

கீழே கயிற்றுச் சத்தம் நின்றது.

"வீடு கையைவிட்டுப் போயிட்டா மே மாசம் கிடையாதே" என்றார்.

"நேத்து வீட்டைப் பத்திக் கேட்டாங்களா?"

"யாரு, செண்பகமா?" அவர் யோசித்தார். "இல்ல. அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல."

அந்தக் கேள்வி நெல்லையப்பனுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"எல்லாரும் என்கிட்ட நேரத்தைத்தான் கேக்கீங்க. பதினஞ்சாம் தேதி. ஆறு மணி. சம்பாதிக்கிறவன் நான். பெத்தவன் நான். கையில இருக்கிறதை அந்தந்த நேரத்துக்கு எடுத்து எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தா, எனக்குன்னு என்ன மேடம் மிஞ்சும்?"

ஜெனோவா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து நாலரை மணி வரைக்கும் பிள்ளையோட இருந்த நேரம் யாருக்கு மிஞ்சுச்சு அண்ணாச்சி?"

நெல்லையப்பன் நாற்காலியைக் கணினிப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து பான் கார்டை எடுத்து ஜெனோவா முன்னால் வைத்தார். "கட்டிருவோம் மேடம்" என்றார்.